கேத்தி பாலாடா கடைச் சுவரில் ஒட்டும் சினிமாத் தாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில், ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள கேத்தி பாலாடாவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு ஏதாவது ஒரு படம் பார்ப்பேன். திங்கட்கிழமை காலை அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, நகல் கட்டண விவரத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டிவிடுவேன். சண்டைப் படம், பேய்ப் படம் எழுதுவதில்லை. வீட்டுக்குள்ளும் தெருவிலும் நடக்கும் கதைகள்தான்; அதிலும் யார் எப்படி நடித்தார்கள் என்பதுதான். நகல் எடுக்க வருகிறவர்கள் படித்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். மூன்று வருடமாக அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. இயந்திரம் ஓடும் சத்தத்தில் கத்திக் கத்திப் பதில் சொல்லித் தொண்டை போய்விட்டது. அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

அண்ணா, நீங்கள் சினிமா எங்காவது படித்தீர்களா?

இல்லை. பி.காம். படித்தேன், அதுவே பயன்படவில்லை. சினிமா படித்தவர்கள் வெளிச்சம், கோணம், படத்தொகுப்பு என்று பேசுவார்கள். எனக்கு அந்தச் சொற்கள் வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் முகங்கள்.

இறப்புச் சான்றிதழை நகல் எடுக்க வருகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் அழுவதில்லை. எத்தனை நகல் வேண்டும் என்று கேட்டால், “ஐந்து போதுமா?” என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். எதற்கெல்லாம் அந்தக் காகிதம் வேண்டியிருக்கும் என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. படத்தில் யாராவது துக்கத்தை நடிக்கும்போது அந்த “ஐந்து போதுமா” என் காதில் விழுகிறதா என்று பார்க்கிறேன். என் படிப்பு அவ்வளவுதான்.

ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுவிட்டால் சுலபமாக இருக்குமே?

ஆரம்பத்தில் போட்டேன். மூன்றரை போட்ட படத்தை யாரும் பார்க்கவில்லை. இரண்டு போட்ட படத்தை எல்லோரும் பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டார்கள். நிறுத்திவிட்டேன்.

நல்ல நடிப்பு என்றால் என்ன? சீக்கிரம் சொல்லுங்கள், பஸ் வந்துவிடும்.

பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்களுக்கு இது போதும்.

பஸ்ஸைத் தவறவிட்டவர்களுக்கு ஓர் உதாரணம். 2024இல் வந்த மெய்யழகன் படத்தில் கார்த்தி வாய் ஓயாமல் பேசுகிறார். அன்பாகப் பேசுகிறார், நன்றாகவும் பேசுகிறார். ஆனால் அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்துவது அரவிந்த் சாமிதான் என்பது என் கருத்து. சொந்த வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போனவர், பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். தன்னை விழுந்து விழுந்து உபசரிக்கும் உறவுக்காரன் யார், அவன் பெயர் என்ன என்பது அவருக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு அரை நொடி தாமதமாக வருகிறது. நம் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. கடையில் எனக்கு வாரம் ஒருமுறை நடக்கிறது. “என்ன அண்ணா, நினைவிருக்கிறதா?” என்று கேட்டவரிடம், “உங்களை மறப்பேனா” என்று சொல்லிக்கொண்டே அவர் ஆதார் அட்டையில் பெயரைத் தேடியிருக்கிறேன்.

அந்தப் படம் இழுவை இல்லையா? வெளிவந்த பிறகு வெட்டினார்களே?

ஆமாம், வெளிவந்த சில நாட்களில் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். முதலில் கோயம்புத்தூரில் முழு நீளத்தில் பார்த்தேன், பிறகு வீட்டில் குறைத்ததைப் பார்த்தேன். வெட்டியதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. விருந்துக்குப் போன வீட்டில் இரண்டாவது முறை பாயசம் ஊற்றாமல் விட்டதுபோல இருந்தது. மூன்றாவது முறை கேட்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நான் அழவே இல்லை. அப்படியென்றால் நடிப்பு சரியில்லை என்றுதானே அர்த்தம்?

கேரட் கழுவும் இடத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவருக்கு அழ வேண்டும். அழாவிட்டால் இரண்டு மணி நேரம் வீண். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். நாள் முழுக்கப் பனித் தண்ணீரில் கை வைத்திருப்பவர் சாயங்காலம் கொஞ்சம் சூடாக அழுதால் என்ன தப்பு?

ஆனால் நடிகர் அழுவதும் நாம் அழுவதும் ஒன்றல்ல. 2024இல் வந்த உள்ளொழுக்கு என்ற மலையாளப் படத்தில் ஊர்வசி ஒரு மாமியார். மகன் இறந்துவிட்டான். குட்டநாட்டில் வெள்ளம், தண்ணீர் வடியாமல் அடக்கம் செய்ய முடியாது. உடலை வைத்துக்கொண்டு மருமகளோடு அந்த வீட்டில் காத்திருக்க வேண்டும். இடையில் மருமகளைப் பற்றிய ஓர் உண்மையும் தெரியவருகிறது. ஊர்வசிக்கு அழுவதற்கு நூறு இடம் இருக்கிறது. அவர் பல இடங்களில் அழுகையைத் தள்ளிப்போட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார். நான் மேலே சொன்ன “ஐந்து போதுமா” அந்தப் படம் முழுவதும் கேட்டது. அந்த அக்காவையும் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்து, “அவள் அழவில்லை, நான் அழுதுவிட்டேன்” என்றார். எனக்கு அதற்கு மேல் விளக்கத் தெரியாது.

கொட்டுக்காளியில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எதற்குச் சம்பளம்?

கல்லூரிப் பையன்கள் கேட்டது. கேள்வி கிண்டலானாலும் நியாயமானது. வினோத்ராஜ் இயக்கி 2024 ஆகஸ்ட்டில் வந்த படம். வேறு சாதிப் பையனைக் காதலித்ததால் மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்லி, குடும்பமே ஆட்டோவில் ஏற்றி ஒரு சாமியாடியிடம் கொண்டுபோகிறது. மீனாவாக வரும் அன்னா பென் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. பின்னணி இசையும் கிடையாது. அதாவது, இந்த இடத்தில் சோகப்படுங்கள் என்று வயலின் வந்து சொல்லாது. முகம் ஒன்றுதான் இருக்கிறது.

அந்த முகத்தில் பயம் இருந்திருந்தால் படம் சாதாரணமாகிவிட்டிருக்கும். பயம் இல்லை, திமிரும் இல்லை. முடிவெடுத்துவிட்டவர்களின் ஒருவிதச் சலிப்பு இருக்கிறது. நீங்கள் எல்லோரும் களைத்துப் போகும்வரை நான் இப்படியே இருப்பேன் என்பது மாதிரி. சுற்றியிருக்கிற ஆண்கள்தான் கத்துகிறார்கள், இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். சும்மா உட்காருவது சுலபம் என்று நினைக்கிற தம்பிகள் கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கும்போது தங்கள் கைகளை என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை கவனிக்கட்டும்.

அதற்கு முடிவு எங்கே? என் போனில் பாதியில் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை, அதுதான் முடிவு. மீனாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையாக வரும் சூரி, அந்தச் சாமியாடி வேறொரு பெண்ணுக்குச் செய்வதைப் பார்க்கிறார். பிறகு என்ன செய்யப்போகிறார் என்று படம் சொல்லவில்லை. படம் முழுக்கக் கட்டிப்போன தொண்டையோடு கத்திக்கொண்டிருந்த மனிதர் அந்த இடத்தில் கத்தாமல் நிற்கிறார் பாருங்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது. உங்களுக்குப் போதவில்லை என்றால் அதுவும் சரிதான். நீங்கள் ஐந்தாவது ஆள்.

கடைசி விவசாயி தாத்தா நிஜமாகவே விவசாயி. அவர் அவராகவே இருந்தார். அதை எப்படி நடிப்பு என்று எழுதுகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். மணிகண்டன் இயக்கி 2022இல் வந்த படம். மாயாண்டியாக வந்த நல்லாண்டி பெரியவர் படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அவர் விவசாயி என்பது உண்மை. ஆனால் செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவர் மேல் வழக்குப் போடவில்லை. அவர் நிஜமாகக் கைதாகவும் இல்லை. அது கதை. கேமரா, விளக்கு, நாற்பது ஐம்பது பேர் சுற்றி நிற்க, இல்லாத நீதிபதிக்கு இருப்பதாக நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். அதே காட்சியை மறுபடியும் எடுத்தால் மறுபடியும் முதல்தடவை போலச் சொல்ல வேண்டும். “அவராகவே இருந்தார்” என்பது மிகக் கடினமான வேலை. சந்தேகமிருந்தால் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க என் கடைக்கு வாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோரும் வேறு ஆளாகிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மண்ணைத் தொடும் கை, குனியும் இடுப்பு, இதையெல்லாம் இரண்டு மாதப் பயிற்சியில் வரவழைக்க முடியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் தோட்டத்தில் நிற்கிறவர்கள், போலியை உடனே பிடித்துவிடுவார்கள். பெரிய நடிகர் ஒருவர் மண்வெட்டி பிடித்த காட்சியைப் பார்த்து, “இவர் வெட்டினால் வேர் எல்லாம் போய்விடும்” என்று கடையில் ஒருவர் சிரித்தார். மாரி செல்வராஜின் வாழை படத்தில் பொன்வேல் என்ற சிறுவன் வாழைத்தார் சுமக்கும்போது, கேரட் மூட்டை ஏற்றும் ஒரு தம்பி தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டான். விமர்சனம் அதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

அப்படியென்றால் முதுமலை பொம்மனும் பெள்ளியும் நடித்தார்களா? ஆஸ்கர் வாங்கினார்களே?

இல்லை. அது ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ என்ற ஆவணப்படம். தெப்பக்காடு முகாமில் யானைக்குட்டிகளை வளர்த்த அவர்களுடைய வாழ்க்கையை, ஊட்டியில் பிறந்த கார்த்திகி கோன்சால்வஸ் படமெடுத்தார். 2023இல் ஆவணக் குறும்படத்துக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. மேலே உள்ள பதிலில் சொன்ன வித்தியாசம்தான்: மாயாண்டியின் வழக்கு கதை, பொம்மனின் யானை நிஜம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யார் நன்றாக நடித்தார்கள் என்று கேட்டால் பொம்மன் கோபித்துக்கொள்வார்.

சாய் பல்லவி நம் ஊர்ப் பெண் என்பதால்தானே இவ்வளவு புகழ்கிறீர்கள்?

கோத்தகிரிப் படகர் குடும்பம், வளர்ந்தது கோயம்புத்தூர். எங்களுக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். அதனால்தான் அவர் படத்துக்கு மட்டும் கூடுதல் கறாராக இருக்கப் பார்க்கிறேன். அமரன் படத்தின் முதல் பாதியில் அவர் சிரிப்பு கொஞ்சம் அதிகம் என்று சுவரில் எழுதினேன். இரண்டு நாள் ஊரில் யாரும் சரியாகப் பேசவில்லை. கடைசி அரை மணி நேரத்தைப் பற்றி அதே தாளில் நல்லபடியாக எழுதியிருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை.

கார்கி வேறு. 2022இல் வந்தது. அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போகிறது. மகள் வழக்கு நடத்துகிறாள். காவல் நிலைய வாசலிலும் நீதிமன்ற வராந்தாவிலும் காத்திருப்பதை அவர் நடித்திருக்கும் விதத்தை, அரசு அலுவலகத்துக்கு நகலோடு அலைந்தவர்கள் எல்லோரும் அடையாளம் காண்பார்கள். நிற்கவும் தெரியாது, உட்காரவும் தோன்றாது.

சிரிப்பு நடிகர்கள் ஒரு படத்தில் சோகமாக வந்தால் உடனே தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்களே, ஏன்?

கார்கி பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது.

அப்பாவாக வருபவர் ஆர்.எஸ்.சிவாஜி. 1989இல் வந்த அபூர்வ சகோதரர்களில் ஜனகராஜோடு போலீஸ்காரராக வந்து சிரிக்கவைத்தவர். 2023 செப்டம்பரில் மறைந்தார். முப்பது வருடமாக நம்மைச் சிரிக்கவைத்த முகம் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. நாம் யோசிப்பதே இல்லை. இவர் செய்திருக்கமாட்டார் என்று மகளைவிட உறுதியாக நம்பிவிடுகிறோம். வழக்கு ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. கடைசியில் அவரும் அதில் ஒருவர் என்று தெரியும்போது அடி நமக்கும் சேர்த்து விழுகிறது. வில்லனாகப் பழகிய ஒருவர் நடித்திருந்தால் பத்தாவது நிமிடமே சந்தேகப்பட்டிருப்போம். சிவாஜி அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க ஒன்றும் விசேஷமாகச் செய்யவில்லை. சோர்ந்த, நல்ல அப்பாவாக உட்கார்ந்திருக்கிறார். நிஜத்திலும் இப்படித்தானே இருப்பார்கள் என்று தோன்றியபோது எனக்குக் குளிர் எடுத்தது. எங்கள் ஊர்க் குளிரல்ல.

அதனால் கொண்டாடுவது அழுததற்காக அல்ல. சிரிப்பு நடிகர்களுக்கு நேரம் தெரியும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும். 2023இல் வந்த பார்க்கிங்கில் எம்.எஸ்.பாஸ்கரைப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு அரசு ஊழியர் எவ்வளவு கீழே இறங்குவார் என்பதைப் படிப்படியாக இறங்கிக் காட்டுகிறார். ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை. எல்லாச் சிரிப்பு நடிகருக்கும் இது வருவதில்லை. கண்ணை ஈரமாக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பார்த்தீர்களா, எனக்கும் சோகம் வரும்” என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சுவரில் எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

மலையாளம் உங்களுக்குத் தெரியாதே. எதை வைத்து ஊர்வசியைப் பற்றி எழுதினீர்கள்?

மனைவி கூடலூர்க்காரி, அவளுக்குத் தெரியும். இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன்: முதல் இருபது நிமிடம் கீழே ஓடும் வசன வரிகளைப் படிக்காமல் முகத்தை மட்டும் பார்ப்பேன். யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று புரிந்துவிட்டால் நடிப்பு நடக்கிறது என்று அர்த்தம். குரலின் அழகு எனக்குத் தப்பிப்போகிறது, ஒத்துக்கொள்கிறேன். வட்டாரப் பேச்சு சரியா தப்பா என்பதற்கு அவள் சொல்வதுதான் தீர்ப்பு.

போனில் பார்த்துவிட்டு நடிப்பைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் தாளின் கீழே “போனில் பார்த்தது” என்று போட்டுவிடுவேன். ஊட்டி இந்து நகரில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் கடைக்கு வருவார். ஃபிலிம் செய்யும் இடத்தில் வெளிச்சம் கூடாது. வாழ்நாளில் பாதியை இருட்டில் கையால் தடவியே வேலை செய்தவர். அந்த ஆலை மூடிப்போனது. “என் பெருவிரலைவிடச் சின்ன முகத்தில் என்னடா நடிப்பைக் கண்டாய்?” என்று திட்டுவார். கூழாங்கல் விஷயத்தில் அவர் சொன்னது சரி. வெயிலில் அப்பாவும் மகனும் நடந்துகொண்டே இருக்கும் அந்தப் படத்தைப் போனில் பார்த்தபோது இரண்டு எறும்புகள் தெரிந்தன. தொலைக்காட்சியில் மறுபடி பார்த்துப் பழைய தாளைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டினேன்.

தேசிய விருது வாங்கினால் அது நல்ல நடிப்புதானே? அதற்கு மேல் நீங்கள் என்ன சொல்வது?

ஊர்வசிக்கு உள்ளொழுக்குக்காக 2025இல் அறிவித்தது துணை நடிகை விருது. படத்தின் பாதிச் சுமை அவர் தோளில். அவரே அதைப் பற்றிப் பொதுவில் கேள்வி எழுப்பினார். மூன்றாம் பிறைக்காகக் கமல்ஹாசனுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, ஸ்ரீதேவிக்கு இல்லை. ஸ்ரீதேவிக்குத் தேசிய விருது 2018இல், அவர் இறந்த பிறகு, வேறொரு படத்துக்காக வந்தது. விருது கொடுப்பவர்கள் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். எனக்கு அவசரமில்லை.

மூன்றாம் பிறையில், கேத்தி ஸ்டேஷனில் கமல் மோதி விழுந்த கம்பம் எது?

கீழேயிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. தெரியாது, நானும் தேடியிருக்கிறேன். ரயில் நிலையத்தில் இறங்கி நீங்களே எதையாவது முடிவுசெய்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மூன்றாம் பிறை உங்களுக்கு இப்போது பிடிக்காது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பாதி உண்மை. போன மாதம் மறுபடி பார்த்தேன். 1982இல் வந்த படம், கதையில் நாயகன் எங்கள் கேத்தியில் பள்ளி ஆசிரியர். மற்ற படங்களுக்கு எங்கள் மலை பாட்டுப் பாடிவிட்டுப் போகும் இடம். இதில் ஒருவன் இங்கே வாடகை கொடுத்துக் குடியிருக்கிறான். அதற்காகவே அந்தப் படத்தின் மேல் எங்களுக்குப் பாசம். இளம் வயதில் அந்தக் கடைசிக் காட்சிக்கு அழுதிருக்கிறேன். ரயில் கிளம்பும்போது, அவளுக்கு நினைவு வரட்டும் என்று மழையில் குரங்கு போல ஆடுகிறானே, அதற்கு. இப்போது பார்த்தபோது, அந்த ஆட்டம் கொஞ்சம் நீளம் என்று தோன்றியது. கமல் நன்றாகவே செய்கிறார், ஆனால் செய்கிறார் என்பது தெரிகிறது. ஜன்னலுக்குள் இருக்கும் ஸ்ரீதேவி செய்வது தெரியவில்லை. யாரோ பைத்தியக்காரன் என்று நினைத்துச் சாப்பாட்டைப் போடும் ஒரு பெண் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். அதுவரை குழந்தையாக இருந்த முகத்தில் அந்தக் குழந்தையின் ஒரு துளிகூட மீதமில்லை. பேசுகிறவரை விட்டுவிட்டு மற்றவரைப் பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஜன்னல்தான்.

கதையே சரியில்லை என்றால் நடிப்பை மட்டும் எப்படிப் பாராட்டுவது?

இந்தக் கேள்வி என் மனைவியுடையது, மூன்றாம் பிறை முடிந்த அன்று இரவே கேட்டாள். விபத்தில் நினைவிழந்து குழந்தை மனதோடு இருக்கும் ஒரு பெண்ணை அவன் மோசமான இடத்திலிருந்து மீட்டான், சரி. பெற்றவர்களைத் தேடாமல் வீட்டில் வைத்துக்கொண்டு தனக்குள் காதலையும் வளர்த்துக்கொண்டானே, அது என்ன நியாயம் என்றாள். நாற்பது வருடமாக ஊரே அவனுக்காக அழுகிறது, அவளை யாராவது கேட்டீர்களா என்றாள்.

என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில், மேலே சொன்ன ஸ்ரீதேவியின் முகம்தான். கதை அவன் பக்கம் சாய்ந்திருக்கிறது, நடிகை சாயவில்லை. அவனுக்கு அவள் கடன்பட்டிருப்பதாக அந்த முகம் ஓர் இடத்திலும் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல நடிப்பு சில சமயம் கதையோடு இப்படிச் சண்டை போடும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “ஜன்னலுக்கு வெளியே தெரியாத ஒருவன் அப்படிக் குதித்தால் நான் சாப்பாடு போட்டிருக்கமாட்டேன், ஷட்டரை இறக்கியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தாள். அந்த வாரத் தாளில் அவள் சொன்னதை முதல் வரியாகப் போட்டேன்.